நாலு வினாடி

ஆகஸ்ட் 7

காலையில் சர்க்கரை 142. நடை நாற்பது நிமிடம், ஐஸ் கம்பெனி வரை. மூச்சு வாங்கியதால் இரண்டு இடத்தில் நின்றேன். இதை எழுத வேண்டியதில்லை. இருந்தாலும் எழுதிவிட்டேன்.

நெய்னா மரைக்காயரை மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். தொண்டையில் அறுவை செய்ததில் குரல் போய்விட்டதாம். இனி மூன்று மாதமோ நாலு மாதமோதான் என்று மதிய லுஹர் தொழுகைக்குப் பிறகு, பாங்கு சொல்லும் மோதினார் கமால் சொன்னார். பள்ளிவாசலில் இருந்தவர்கள் எல்லோரும் துஆச் செய்தார்கள். நானும் கையேந்தினேன். ஆனால் நான் கேட்டது வேறு. அவரைவிட ஒரு நாளாவது எனக்குக் கூடுதலாகக் கொடு என்று கேட்டேன்.

காரணத்தை எழுதி வைக்கிறேன். நம்மூரில் ஜனாஸா தொழுகைக்கு முன் மையத்தின், அதாவது இறந்தவரின், மகன் தொழ நிற்கும் வரிசைகளான சஃபுகளைப் பார்த்து நின்று ஒரு வார்த்தை கேட்பது வழக்கம். "எங்க வாப்பா யாரு மனசையாவது நோகடிச்சிருந்தா, அல்லாவுக்காகப் பொறுத்துக்கிடுங்க." கூட்டம் சற்று நேரம் மௌனமாக இருக்கும். பிறகு "பொறுத்துக்கிட்டோம்" என்று முணுமுணுக்கும். பொறுக்கவில்லை என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. சொல்லக் கூடாது என்று விதி எதுவும் இல்லை.

மனிதனுக்கு மனிதன் செய்த அநியாயத்தை, பாதிக்கப்பட்டவன் பொறுக்காதவரை இறைவனும் பொறுப்பதில்லை என்று பள்ளியில் தொழவைக்கும் ஆலிம்சா போன வெள்ளிக்கிழமைகூடச் சொன்னார். அநியாயம் செய்தவனின் நன்மைகளை எடுத்து மறுமையில் மற்றவனுக்குக் கொடுத்துவிடுவானாம். மரைக்காயர் மூன்று ஹஜ் செய்தவர். நான் ஒன்றுகூடச் செய்யவில்லை.

அந்த மௌனத்தில் நான் பேசப் போகிறேன். அதுவரை உயிரோடு இருக்க வேண்டும். இருபத்தொன்பது வருடங்களில் முதல் முறையாக நாளைக்கு என்ன செய்வது என்று தெரிந்து படுக்கப் போகிறேன்.

ஆகஸ்ட் 8

சொல்ல வேண்டியதை எழுதிப் பார்த்தேன். முப்பத்தொரு சொற்கள். நீளம்.

ஆகஸ்ட் 9

பத்தொன்பது சொற்கள். கடற்கரையில் ஆள் இல்லாத இடத்தில் உரக்கச் சொல்லிப் பார்த்தேன். ஏழாவது சொல்லுக்கு மேல் குரல் எழும்பவில்லை. காற்று காரணமாக இருக்கலாம்.

ஆகஸ்ட் 12

பெரிய தெரு கொல்லர் பட்டறை உதுமான் இறந்துவிட்டார், மௌத். எனக்கு அதிகம் பழக்கமில்லாதவர். இருந்தாலும் போனேன். இடம், தூரம், நேரம் எல்லாம் தெரிந்துகொள்ளாமல் அந்த நாளில் போய் நிற்க முடியாது. முதல் சஃபில் இடது கோடி நல்ல இடம். தூண் மறைப்பதில்லை, ஆலிம்சாவுக்கும் கேட்கும். மகன் கேட்டு முடித்ததும் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். மௌனம் நாலு வினாடி. அதற்குள் இரண்டு சொற்கள் சொல்லலாம்.

ஆக, இரண்டே சொற்கள். நான் பொறுக்கவில்லை.

கூட்டம் "பொறுத்துக்கிட்டோம்" என்றபோது நானும் சேர்ந்து சொன்னேன். உதுமானோடு எனக்கு என்ன பகை?

ஆகஸ்ட் 30

இதுவரை நாலு ஜனாஸா. நாலு வினாடி, நாலு, மூன்று, நாலு. மூன்று வந்தது மழை தூறியதால்.

மையத்தைச் சுமக்கும் சந்தூக்குப் பெட்டிக்குத் தோள் கொடுக்க வேண்டாம் என்று நினைத்திருந்தேன். பின்னால் நடப்பவர்களிடம் நாலடிக்கு ஒருமுறை தோள் மாற்றிக்கொள்வதுதான் வழக்கம். என் முறை வந்தபோது விலகிப் போக வெட்கமாக இருந்தது. இரவு இடது தோளில் வலி. தைலம் தேய்த்துக்கொண்டேன்.

செப்டம்பர் 10

என்ன நடந்தது என்பதை இந்த நோட்டில் எங்கும் எழுதவில்லை என்று இன்று பார்த்தேன். எழுதாமல் இருந்ததற்குக் காரணம் மறதி அல்ல.

அப்போது ஜமாஅத் நடத்திய பள்ளிக்கூடத்தில் நான் கணக்கு வாத்தியார். நெய்னா மரைக்காயர் ஜமாஅத் தலைவர். பத்தாம் வகுப்பு மாதிரித் தேர்வுக் கேள்வித்தாள்கள் இருந்த தகரப் பெட்டியின் சாவி என்னிடம் இருந்தது. தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளுச் செய்யும்போது சாவியையும் கடிகாரத்தையும் ஹவுல் தொட்டியின் சுவரில் வைப்பது என் பழக்கம். மரைக்காயரின் தங்கை மகன் ஜிப்ரி அங்கிருந்துதான் சாவியை எடுத்துப்போய், தொழுகை முடிவதற்குள் திருப்பி வைத்திருக்கிறான். அவனுக்கு வயது பதினைந்து. கேள்வித்தாள் ஊர் முழுக்கச் சுற்றியது.

1994 மார்ச் 25. பள்ளிவாசலில் வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் மரைக்காயர் எழுந்தார். நானூறு பேர் இருந்தார்கள். "பெட்டிச் சாவி லெப்பை சார்கிட்டத்தான் இருந்துச்சு" என்றார். என் பக்கம் திரும்பி, "சார், சொல்ல ஏதாவது இருக்கா?" என்று கேட்டுவிட்டு நின்றார்.

நான் எழுந்தேன். வாய் திறக்கவில்லை. ஏன் என்று இன்றுவரை விளங்கவில்லை. மரைக்காயர் தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்தார். அதுதான் தீர்ப்பு.

வேறு ஊரில் வேலை தேடி, ஓய்வு பெறும்வரை தினமும் பஸ்ஸில் போய் வந்தேன். மறு வருடம் ஜிப்ரியின் உம்மா என் மனைவி சித்தி ஜொகராவிடம் வந்து அழுது உண்மையைச் சொன்னாள். "எங்க காக்காவுக்கு அன்னைக்கே தெரியும் மாமி. வெளிய சொல்லிராதிய" என்றாளாம். காக்கா என்றது அவள் அண்ணன் மரைக்காயரை. ஜொகரா என்னைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை. ஊரில் கல்யாண வீடுகளுக்குப் போவதை மட்டும் நிறுத்திக்கொண்டாள். ஆறு வருடம் கழித்து அவள் மௌத்தானபோது மரைக்காயர் ஜனாஸாவுக்கு வந்தார். முதல் சஃபில் நின்றார்.

அவள் சார்பில் நான்தான் கேட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள் என்று. அவர் "பொறுத்துக்கிட்டோம்" என்றார். அந்தக் குரல் தனியாக என் காதில் விழுந்தது.

அவர் பொறுத்துக்கொண்டாராம்.

செப்டம்பர் 22

ஒன்பதாவது. நாலு வினாடி.

அடக்கம் முடிந்து மையவாடியிலிருந்து திரும்பும்போது மீன் கடை சதக்கு கூடவே நடந்து வந்தான். என்னிடம் படித்தவன். வலது கையை நீட்டி, "சார், இது ஞாபகம் இருக்கா?" என்றான். சுண்டுவிரல் வளைந்திருந்தது.

"என்னாச்சு?"

"நீங்க அடிச்சது. ஏழாப்பு. பதிமூணாம் வாய்ப்பாடு. ஸ்கேலைச் சாச்சுப் பிடிச்சு அடிச்சிய."

"நானா?"

"நீங்கதான் சார். இப்ப மீன் வெட்டத் தோதாத்தான் இருக்கு. கத்தி வழுக்காது." சிரித்தான். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

எனக்கு ஞாபகமே இல்லை. பொய் சொல்கிறான் என்றும் தோன்றவில்லை. மரைக்காயருக்கு 1994 ஞாபகம் இருக்குமா?

இந்தக் கேள்வி தேவையற்றது.

செப்டம்பர் 23

என் ஜனாஸாவில் யார் கேட்பார்கள் என்று யோசித்தேன். எனக்கு மகன் இல்லை, மருமகன்தான் கேட்க வேண்டும். அந்த நாலு வினாடியில் சதக்கு எங்கே நிற்பான்?

மீன் வாங்கப் போனேன். பேச வேண்டும் என்றுதான் போனேன். அரைக் கிலோ ஊளி மீன் வாங்கிக்கொண்டு திரும்பினேன். கூட்டமாக இருந்தது.

அக்டோபர் 5

மகள் ரஹீலா திருச்சியிலிருந்து போன் செய்தாள்.

"வாப்பா, ஊர்ல ஒரு மையத்து விடாமப் போறியளாமே. மாமி சொன்னாக."

"நபி வழி, சுன்னத்துதானே."

"சுன்னத்து சரி. நெஞ்சுக்கு டெஸ்ட் எடுக்கச் சொன்னாகளே, அதுக்குப் போனியளா?"

"போகணும்."

"எப்ப?"

"ஒரு வேலை இருக்கு. அது முடியட்டும்."

"உங்களுக்கு என்ன வேலை வாப்பா?"

சொல்லவில்லை. தினமும் நடக்கிறேன், சீனி இல்லாமல் டீ குடிக்கிறேன், மாத்திரை தவறவில்லை, ஐந்து வேளையும் ஜமாஅத்தோடு தொழுகிறேன், யார் இறந்தாலும் போய் நிற்கிறேன். வெளியே இருந்து பார்ப்பவர்களுக்கு நல்ல மனிதனாகத் தெரிவேன். பேக்கரி வாசலில் ஒருவர் எழுந்து நின்று சலாம் சொன்னார். எனக்குக் கூச்சமாக இருந்தது. உள்ளே இருப்பது அவருக்கு என்ன தெரியும்?

அக்டோபர் 19

பதின்மூன்றாவது. மழை.

பாலம் கட்டும் வேலைக்கு வந்த அஸ்ஸாம்காரன். கடலில் குளிக்கப் போய் இறந்துவிட்டான். வயது இருபத்தைந்து இருக்கும். கூட வேலை செய்பவர்கள் அவனை மோனி என்று கூப்பிட்டார்கள். மற்றப்படி ஒன்றும் தெரியாது. ஆலிம்சாவும் மோதினாரும் நானும் அவர்கள் இரண்டு பேரும்தான். ஒரு சஃப்கூட நிறையவில்லை.

கேட்க ஆள் இல்லை. கமால் என்னைப் பார்த்தார். "சார், நீங்க கேட்டுருங்க. உங்களுக்குத்தான் எல்லாம் மனப்பாடம் ஆயிருக்குமே."

திரும்பி நின்றேன். "இந்தத் தம்பி யாரு மனசையாவது நோகடிச்சிருந்தா" என்று தொடங்கி, முழுவதும் கேட்டு முடித்தேன். அவனைப் பற்றிப் பொறுக்கவும் பொறுக்காமல் இருக்கவும் இங்கே யாரிடமும் எதுவும் இல்லை. கடிகாரம் பார்க்க மறந்துவிட்டேன்.

சந்தூக்குக்கு மாற்றுத் தோள் கிடையாது. மையவாடிவரை ஒரு முனையை நானே தூக்கினேன். வந்து இரண்டு மணி நேரம் படுத்திருந்தேன். வலி கைவரை இறங்கியது. இப்போது இல்லை.

நவம்பர் 3

மரைக்காயர் கூப்பிட்டு அனுப்பியிருந்தார். நோயாளியைப் பார்ப்பது கடமை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு போனேன். உண்மையில் எவ்வளவு நாள் தாங்கும் என்று கண்ணால் பார்க்கத்தான் போனேன்.

அவர் மகள் நூருல் அய்ன் கதவைத் திறந்தாள். "வாங்க சார். மூணு நாளா வாப்பா உங்களத்தான் கேட்டுக்கிட்டு இருக்காக."

ஒரு காலத்தில் கதவை அடைத்துக்கொண்டு நிற்கும் உடம்பு. இப்போது தலையணைக்கும் போர்வைக்கும் நடுவில் தேட வேண்டியிருந்தது. கழுத்தில் துளை, அதன்மேல் மெல்லிய துணி. கையில் பேத்தியின் எழுத்துப் பலகை. குச்சியால் எழுதிவிட்டுப் பட்டனை அமுக்கினால் எல்லாம் மறைந்துவிடும். மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். கேட்டால் என்ன செய்வது என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். காது கேட்காதவன்போல் எழுந்து வந்துவிடுவது என்பது முடிவு.

அவர் எழுதினார்: "எத்தனை ஆச்சு?"

"எது?"

"மையத்து."

"பதினஞ்சு."

பட்டன். பிறகு: "கடிகாரம் பார்க்கிறீராமே. கமால் சொன்னான். எத்தனை வினாடி?"

"நாலு" என்றேன்.

அவர் தோள்கள் குலுங்கின. சத்தமில்லாத சிரிப்பு. எழுத வெகு நேரம் ஆனது. "உமக்குப் போதுமா?"

என்னை அப்படியே நிர்வாணமாக நிறுத்தியதுபோல் இருந்தது. எல்லாம் தெரிந்திருக்கிறது. இப்போதாவது ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். கிழவா, சாகக் கிடக்கும் இந்த நிலையில்கூட உனக்குத் திமிர் அடங்கவில்லையா என்று கேட்டிருக்க வேண்டும். வாய் திறக்கவில்லை. அதே வாய். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பட்டனை அமுக்கினார். பலகை கறுப்பாயிற்று.

டீ கொடுத்தார்கள். சீனி போட்டிருந்தது. குடித்துவிட்டேன்.

நவம்பர் 4

காலையில் கடற்கரையில் இரண்டு சொற்களையும் நாற்பது முறை சொன்னேன்.

நவம்பர் 21

அதிகாலை சுபுஹு தொழுகைக்குப் பிறகு பள்ளி ஒலிபெருக்கியில் கமாலின் குரல். நெய்னா முகம்மது மரைக்காயர் மௌத். மகன் கனடாவில் இருக்கிறான், வந்து சேர இரண்டு நாளாகும். மையத்தைக் காத்திருக்க வைக்கக் கூடாது, மாலை அஸர் தொழுகைக்கு அடக்கம்.

வெள்ளைச் சட்டையைத் தேய்த்து வைத்தேன். காலை மாத்திரை, மதிய மாத்திரை. சோறு இறங்கவில்லை.

இரண்டு மணிக்குக் கமால் வந்தார். "சார், மரைக்கார் வீட்டுல உங்களக் கூப்பிடுறாக."

நூருல் அய்ன் அழுது முகம் வீங்கியிருந்தாள். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு தன் மொபைலை என்னிடம் நீட்டினாள். "வாப்பா போன வாரம் எழுதினாக. பலகையில அழிஞ்சிரும்னு போட்டோ எடுத்து வச்சேன்."

படத்தில் கோணலான எழுத்து: "ஜனாஸாவில் லெப்பை சார் கேட்கட்டும். நாலு வினாடிக்கு மேல் நிற்கட்டும்."

"இதுக்கு என்ன அர்த்தம்னு எங்களுக்கு விளங்கல சார். உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது" என்றேன். அது பொய்யுமல்ல. என் வாயிலேயே மன்னிப்பை வைத்து, கடைசியாக ஒருமுறை என்னைத் தோற்கடிக்கிறாரா? அல்லது கத்தியை என் கையில் கொடுத்துவிட்டுக் கழுத்தைக் காட்டுகிறாரா? நடந்துகொண்டே யோசித்தேன். பள்ளி வந்துவிட்டது.

1994ஐவிடக் கூட்டம் அதிகம். நான் நினைத்து வைத்த இடது கோடியில் யாரோ நின்றார்கள். எனக்கு அந்த இடம் தேவைப்படவில்லை. சந்தூக்குக்கு முன்னால், எல்லோரையும் பார்த்து நின்றேன். முதல் சஃபில் நேர் எதிரே ஜிப்ரி. தாடி நரைக்கத் தொடங்கியிருக்கிறது. நடுவில் எங்கோ சதக்கின் தலை.

கேட்டேன். "நெய்னா மரைக்காயர் யாரு மனசையாவது நோகடிச்சிருந்தா, அல்லாவுக்காகப் பொறுத்துக்கிடுங்க."

ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. வழக்கம்போல் "பொறுத்துக்கிட்டோம்" என்ற முணுமுணுப்பு எழுந்து அடங்கியது. ஆலிம்சா தொழவைக்க ஓர் அடி முன்னால் வந்தார். நான் நகரவில்லை. ஐந்து. ஆறு. ஜிப்ரி தலை நிமிர்ந்தான். ஏழு. யாரோ இருமினார்கள்.

"எனக்குச் சொல்ல இருக்கு" என்றேன்.

அது என் குரல்தான். கடைசி சஃப்வரை போயிருக்க வேண்டும். பின்னால் இருந்தவர்கள் எக்கிப் பார்த்தார்கள்.

"தொண்ணூத்தி நாலுல, இதே பள்ளியில, கேள்வித்தாளை நான் வெளிய குடுத்தேன்னு இவுக சொன்னாக. நான் குடுக்கல. இவுகளுக்கும் அது தெரியும். அன்னைக்கு எனக்கு வாய் வரல. ஜொகரா இந்தப் பழியைச் சுமந்துக்கிட்டே போய்ச் சேந்தா. அதை நான்..."

இனி வர வேண்டியது ஒரே ஒரு சொல். மூன்று மாதமாக அலைகளிடம் சொன்ன சொல். வாயைத் திறந்தேன்.

"பொறுத்துக்கிட்டேன்."

வீட்டுக்கு வந்து இதை எழுதும்போதும் எப்படி என்று விளங்கவில்லை. நான் தீர்மானித்துச் சொல்லவில்லை. ஒழுங்காக யோசித்துப் பார்க்கிறேன். பொறுக்கவில்லை என்று கடலிடம் மட்டும்தான் சொல்லியிருக்கிறேன். சந்தூக்கின் அருகில், சஃபில் நின்று, தெரிந்தவர் தெரியாதவர் எல்லோருக்காகவும் ஆகஸ்டிலிருந்து திரும்பத் திரும்பச் சொன்னது மற்றச் சொல்லை. நான் பயிற்சி என்று நினைத்தது ஒன்று. நாக்கு பயின்றது வேறு.

கை தவறிக் கண்ணாடியைப் போடுவதுபோல் மன்னித்துவிட்டேன். மூன்று ஹஜ்ஜும் போயிற்று.

ஆலிம்சா என் தோளைத் தொட்டு, "சஃபுக்கு வாங்க சார்" என்றார். இடம் விட்டார்கள். தொழுதேன்.

நவம்பர் 22

மனதுக்குள் இன்னும் பொறுக்கவில்லை. தேடிப் பார்த்தேன். அப்படியே இருக்கிறது.

நவம்பர் 23

ஆலிம்சாவிடம் போய்க் கேட்டேன். "நாக்கு மட்டும் சொன்னால் அது செல்லுமா? திரும்ப வாங்க முடியுமா?"

"சபையில சொல்லிட்டிய சார். வாபஸ் கிடையாது. மனசு பின்னாடி நடந்து வரட்டும்."

"வராவிட்டால்?"

"நீங்கதான் தினமும் நாப்பது நிமிஷம் நடக்குறியளே" என்றார். சிரிக்கிறாரா என்று தெரியவில்லை.

நவம்பர் 24

சதக்கு கடைக்குப் போனேன். கூட்டம் குறையும்வரை நின்றேன். "விரல் விஷயம். நான் செய்தது தப்பு. பொறுத்துக்கொள்" என்றேன்.

கத்தியைக் கீழே வைத்தான். என்னைப் பார்த்தான். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. ஐந்து. அந்தப் பக்கம் நிற்பது எப்படி இருக்கும் என்று எனக்கு இதுவரை தெரியாது.

"பதிமூணு எட்டு எவ்வளவு சார்?"

"நூற்றுநாலு."

"எனக்கு இன்னும் வராது. சரி, போங்க, பொறுத்துக்கிட்டேன்." ஊளி மீன் ஒன்றைப் பைக்குள் போட்டான்.

நவம்பர் 26

காலை பத்து மணிக்கு ஜிப்ரி வந்தான். வாசலில் செருப்பைக் கழற்றினான், மறுபடி மாட்டினான், மறுபடி கழற்றினான். உள்ளே வந்து நின்றான். நாற்காலியைக் காட்டவில்லை. இருபத்தொன்பது வருடம் அவன் என்னைத் தெருவில் கண்டால் எதிர்ப்பக்கம் போவான். அவனுடைய ஹார்டுவேர் கடையில் நான் ஓர் ஆணிகூட வாங்கியதில்லை.

அவன் கண் தரையில் இருந்தது. நான் அந்த வார்த்தையை அப்படியே கேட்டேன்.

"சொல்ல ஏதாவது இருக்கா?"

வாய் திறந்தான். சத்தம் வரவில்லை. சுவரில் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. நாலு. ஏழு. பத்து. இன்னும் நிற்கட்டும் என்று விட்டேன். ஒவ்வொரு வினாடியும் எனக்கு இனித்தது என்பதை மறைக்க முடியாது. இருபது. அவன் தொண்டை மேலும் கீழும் போய்வந்தது. அந்தத் தொண்டையை எனக்குத் தெரியும். சொல்ல இருப்பவனுக்குத்தான் அப்படி ஆகும்.

இருபத்தாறாவது வினாடியில், தேடியது போதும் என்பதுபோல் ஒலிபெருக்கி அலறியது. வேம்படித் தெருவில் தனியாக இருந்த பீவியம்மா மௌத். லுஹருக்கு அடக்கம்.

"அந்தம்மாவுக்கு யாரும் இல்லை" என்றேன். "சந்தூக்குக்கு ஒரு தோள் குறையும். வருகிறாயா?"

தலையை ஆட்டினான்.

முன்பக்கத்தில் நானும் அவனும். ஜிப்ரி என்னைவிட ஓரடி உயரம். அதனால் கனமெல்லாம் அவன் தோளில் இறங்கியது, என் தோளில் மரம் உரசிக்கொண்டு மட்டும் வந்தது. நாலடிக்கு ஒருமுறை ஆட்கள் வந்து தோள் கேட்டார்கள். அவன் கொடுக்கவில்லை. முகம் சிவந்து, சட்டை நனைந்து, மையவாடிவரை ஒரே தோளில் வந்தான். இறக்கிக்கொள் என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

பீவியம்மாவுக்காக நான் கேட்டேன். கடிகாரத்தை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தேன்.

நாளை ரஹீலா வருகிறாள். நெஞ்சு டெஸ்டுக்கு மதுரை போகிறோம். சட்டைப் பையில் மூன்று மாதமாக வைத்திருந்த, அந்த இரண்டு சொற்கள் எழுதிய சீட்டின் பின்பக்கத்தில், நான் போய்ப் பார்க்க வேண்டிய பழைய மாணவர்களின் பெயர்களை எழுதினேன். இதுவரை பதினொன்று. இரண்டு பேருக்கு முகம் ஞாபகமில்லை. ஜிப்ரியிடம் கேட்டால் சொல்வான்.